'கேஷ்' நம் காசு அல்ல. நம் காசு இன்னொரு 'கேஷ்'

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலத்தில் கலந்த தமிழ்ச் சொற்கள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்ற ஆங்கிலச் சொல் நம் 'காசு' என்பதிலிருந்து பிறந்தது என்கிறது. அந்தப் பட்டியலில் கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் இருப்பது சரிதான். கேஷ் இருப்பதுதான் சிக்கல். முழுத் தவறு என்று ஒரே வரியில் தள்ளிவிடவும் முடியாததால் கடிதம் சற்று நீள்கிறது, பொறுத்தருள்க.

ஆங்கிலத்தில் 'கேஷ்' என்று ஒரு சொல் இல்லை, இரண்டு இருக்கின்றன. எழுத்துக்கூட்டல் ஒன்று, உச்சரிப்பு ஒன்று. வம்சம் வேறு வேறு. கையில் உள்ள ரொக்கத்தைக் குறிப்பது முதல் சொல். கீழை நாடுகளில் புழங்கிய மதிப்புக் குறைந்த சிறு நாணயத்தைக் குறிப்பது இரண்டாவது. தமிழுக்கு உறவு இரண்டாவதோடு மட்டும்தான்.

முதலில் ரொக்கத்தைப் பார்ப்போம். 1590களில் இந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்குப் பெட்டி என்று பொருள். வணிகர்கள் பணத்தைப் போட்டுப் பூட்டி வைக்கும் பெட்டி. 1598இல் வெளியான ஜான் ஃப்ளோரியோவின் இத்தாலிய–ஆங்கில அகராதி, 'காஸ்ஸா' என்ற இத்தாலியச் சொல்லுக்கு வணிகரின் 'கேஷ்' என்றே பொருள் எழுதுகிறது. காஸ்ஸா என்றால் பேழை, பெட்டி. பெட்டியின் பெயர் அதற்குள் இருக்கும் பணத்துக்கு ஏறியது தொடக்கத்திலேயே நடந்துவிட்டது. இரண்டு பொருளும் நெடுங்காலம் சேர்ந்தே வழங்கி, 18ஆம் நூற்றாண்டில்தான் பெட்டி உதிர்ந்து பணம் மட்டும் நின்றது. நம் 'கல்லா'வும் இப்படித்தான்: கல்லா என்பது பெட்டி, 'இன்றைக்குக் கல்லா எவ்வளவு?' என்று கேட்டால் அது பணம்.

தமிழில் காசு என்பது பொன், மணி, நாணயம், பணம் என்றெல்லாம் பொருள் தந்திருக்கிறது. பெட்டி என்று எந்தக் காலத்திலும் பொருள் தந்ததில்லை. கேஷ் காசிலிருந்து வந்திருந்தால் ஆங்கிலத்தில் அதன் பழைய பயன்பாடு நாணயமாக இருந்திருக்க வேண்டும். பெட்டியாக இருந்திருக்க வழியில்லை. இந்த ஒரு சான்றே வழக்கை முடித்துவிடும். ஆனாலும் அந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துகொள்ளத் தக்கது.

அதன் மூலம் லத்தீன் 'காப்ஸா'. ரோமானியர்கள் சுருள் நூல்களை நிற்க வைத்து எடுத்துச் செல்லும் உருளை வடிவப் பெட்டி அது. இத்தாலியத்தில் 'ப்ஸ்' என்ற மெய்க்கூட்டு 'ஸ்ஸ்' ஆகும். எழுதினேன் என்று பொருள்படும் லத்தீன் 'ஸ்க்ரிப்ஸி' இத்தாலியத்தில் 'ஸ்க்ரிஸ்ஸி' ஆனதுபோல, காப்ஸா காஸ்ஸா ஆனது. பிரெஞ்சில் இரண்டு வழிகளில் இறங்கியது. பிரெஞ்சு தன் இயல்பான மாற்றப்படி அகர ஒலிக்கு முன்னால் வரும் 'க'வை 'ஷ'வாக்கி, புனிதப் பொருள்களை வைக்கும் பேழைக்கு 'ஷாஸ்' என்று பெயர் சூட்டிக்கொண்டது. தெற்கே ப்ரோவான்ஸ் பக்கத்துப் பேச்சில் 'க' மாறவில்லை. அங்கிருந்தும் இத்தாலியிலிருந்தும் வணிகர்கள் வழியாகப் பணப்பெட்டியைக் குறிக்கும் 'கெஸ்' என்ற வடிவம் மறுபடி பிரெஞ்சுக்குள் வந்தது. ஆங்கிலம் வாங்கியது இந்த வணிகர் வடிவத்தை.

ஸகரம் ஷகரம் ஆனது எப்படி என்று கேட்கலாம். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொற்களில் இது பழக்கமான மாற்றம். 'ப்ரோஸ்' ஆங்கிலத்தில் 'பிரஷ்' ஆனது. தள்ளு என்ற பொருளில் வரும் 'பூஸே', 'புஷ்' ஆனது. திருச்சபைப் பங்கைக் குறிக்கும் 'பரோவாஸ்', 'பாரிஷ்' ஆனது. நாய்க்கயிற்றைக் குறிக்கும் 'லெஸ்', 'லீஷ்' ஆனது. இந்த வரிசையில் கேஷ் உறுத்தாமல் உட்கார்ந்துகொள்கிறது. ஒலி மாற்றம் என்று சொல்லும்போது ஒரு சொல்லுக்கு மட்டும் ஒரு விதி செய்துகொள்ளக் கூடாது. அதே விதியில் நடக்கும் வேறு நாலு சொல்லைக் காட்ட வேண்டும்.

காப்ஸாவின் பிள்ளைகளைப் பார்த்தால் இந்த வம்சாவளி இன்னும் உறுதிப்படும். மருந்துக் 'கேப்சூல்' என்பது சிறு காப்ஸா. 'சூட்கேஸ்' என்பதில் உள்ள 'கேஸ்' காப்ஸாதான் (வழக்கைக் குறிக்கும் 'கேஸ்' வேறு குடும்பம், அது விழுதலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது). 'கேசட்' என்பது சின்னப் பெட்டி. வண்டியின் 'சேசிஸ்' பிரெஞ்சு ஷாஸின் வழியில் வந்த சட்டம். ஜன்னல் கண்ணாடியைத் தாங்கும் சட்டத்துக்கு ஆங்கிலத்தில் 'சாஷ்' என்று பெயர். அது சேசிஸையே பன்மை என்று தப்பாக நினைத்து, கடைசி ஸகரத்தை வெட்டி உண்டாக்கிக்கொண்ட ஒருமை. தமிழர்கள் தினமும் வாயில் போட்டுப் புரட்டும் இத்தனை சொற்களும் கேஷின் பங்காளிகள். இவை எல்லாவற்றிலும் பெட்டி அல்லது சட்டம் என்ற பொருள் இழையோடுகிறது. காசு இருக்க இங்கே இடமே இல்லை.

காப்ஸாவுக்கும் மேலே போனால் 'காபெரே' என்ற லத்தீன் வினை, பிடித்தல், எடுத்தல். எடுத்து அடக்கி வைத்துக்கொள்வது பெட்டி. இந்த வினையின் இந்தோ-ஐரோப்பிய வேர் ஆங்கிலம் பிறந்த ஜெர்மானியக் கிளையில் நேராகவும் வாழ்கிறது: 'ஹேவ்'. லத்தீனில் ககரம் வரும் இடத்தில் ஆங்கிலத்தில் ஹகரம் வருவது பெருவிதி. நூறைக் குறிக்கும் 'கெந்தும்' – 'ஹண்ட்ரட்', கொம்பைக் குறிக்கும் 'கோர்னு' – 'ஹார்ன்', நாயைக் குறிக்கும் 'கானிஸ்' – 'ஹவுண்ட்'. ஆக, கேஷும் ஹேவும் ஒரே வேரின் தூரத்துச் சொந்தம்; ஓசையில் துளியும் ஒற்றுமை கிடையாது. ஹேவ் என்பதற்கு ஓசையிலும் பொருளிலும் அச்சாகப் பொருந்தும் லத்தீன் சொல் ஒன்று உண்டு: 'ஹபேரே', வைத்திருத்தல். இரண்டுக்கும் உறவே இல்லை. ஹபேரே என்பதன் ஆங்கில உடன்பிறப்பாக மொழியியலாளர் சொல்வது 'கிவ்'. ஓசையை மட்டும் வைத்து உறவு தேடுகிறவர் விழும் குழிக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

சிலர் விடாமல் கேட்பார்கள்: அந்தக் காப்ஸாவே ரோமானியக் கடல் வணிகத்தில் தமிழகத்திலிருந்து போயிருக்கலாமே என்று. போயிருக்க முடியாது. எகிப்து ரோமானியர் கைக்கு வந்த கிமு 30க்குப் பிறகுதான் அந்த வணிகம் பெருகியது. கிமு 43இல் இறந்த சிசரோவின் எழுத்திலேயே காப்ஸா வருகிறது. காலம் ஒருபுறமிருக்க, காசில் இல்லாத பகரத்தை நடுவில் எங்கிருந்து கொண்டுவருவது?

இனி நம் கேஷ். கட்டுரையாளர் இதை எழுதியிருந்தால் தமிழுக்கு இன்னும் பெருமையாக இருந்திருக்கும்.

சங்கப் பாடல்களில் காசு பெரும்பாலும் அணியில் கோத்த பொன்மணி அல்லது தகடு. குறுந்தொகையின் 67ஆம் பாடலில் அள்ளூர் நன்முல்லையார், கிளி தன் வளைந்த அலகில் பற்றிய வேப்பம்பழத்தைப் பாடுகிறார். புதுநூலில் கோப்பதற்காகப் பொற்கொல்லன் கூரிய நகத்தில் பிடித்திருக்கும் பொற்காசைப்போல அது இருக்கிறதாம். பல நூற்றாண்டுகள் கழித்து, ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் காசு தெளிவாக நாணயம். ஈழக்காசு, பழங்காசு என்று சோழர் கல்வெட்டுகள் வகை பிரித்தே பேசுகின்றன. வெண்பாவின் கடைசிச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று வாய்பாடு வைக்கும் அளவுக்கு அது வீட்டுச் சொல். இந்தக் காசு தனித்தமிழா, வடமொழியில் எடையைக் குறிக்கும் 'கர்ஷ'த்தின் திரிபா என்பதில் அறிஞர்கள் இரண்டு கட்சி. அது தனி வழக்கு. ஆங்கிலத்துக்குப் போன பாதையை அது பாதிக்காது.

போர்ச்சுகீசியர்கள் வந்தார்கள். இந்தச் சிறுநாணயத்தின் பெயரைத் தங்கள் எழுத்தில் 'கைஷா' என்றும் 'காஷா' என்றும் எழுதினார்கள். வேடிக்கை இங்கேதான். போர்ச்சுகீசிய மொழியில் கைஷா என்ற சொல் ஏற்கெனவே உண்டு. பெட்டி என்று பொருள். காப்ஸாவின் போர்ச்சுகீசிய வடிவம்! காதில் விழுந்த காசுக்குத் தங்களிடம் தயாராக இருந்த பெட்டியின் எழுத்துக்கூட்டலைப் போட்டுவிட்டார்கள். தமிழ்க் காசின் சகரத்துக்கு ஷகர ஒலி ஏறியது இப்படி. உறவே இல்லாத இரண்டு சொற்கள் ஒரே உருவத்துக்கு வந்தது ஆங்கிலத்தில் அல்ல, அதற்கு முன்பே.

பிறகு அந்தப் பெயரைப் போர்ச்சுகீசியர்கள் தாங்கள் போன கடற்கரை எல்லாம் கொண்டுபோனார்கள். கோவாவில் சில ஆண்டுகள் இருந்த லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரரின் பயண நூல் 1598இல் ஆங்கிலத்தில் வந்தது. ஜாவாவின் சுண்டாப் பகுதியில் கைஷா என்ற செப்புக் காசு தவிர வேறு பணம் கிடையாது. நடுவே துளை இருக்கும். ஒரு கயிற்றில் இருநூறோ ஆயிரமோ கோப்பார்கள் என்று அதில் இருக்கிறது. ஃப்ளோரியோவின் அகராதி வந்த அதே ஆண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். பெட்டியைக் குறிக்கும் கேஷ் ஓர் இத்தாலிய அகராதி வழியாகவும், காசைக் குறிக்கும் சொல் ஒரு கடற்பயண நூல் வழியாகவும் 1598இல் ஒருங்கே ஆங்கில அச்சில் நிற்கின்றன. ஒன்றிலிருந்து ஒன்று பிறந்திருக்க முடியாது. ஆங்கிலேயர் தங்களிடம் இருந்த எழுத்துக்கூட்டலிலேயே இரண்டாவதையும் எழுதப் பழகியதால் இரண்டும் ஒன்றுபோல ஆயின.

சதுரத் துளையிட்ட சீன நாணயத்தை ஆங்கில நூல்கள் இன்றும் 'கேஷ்' என்றுதான் அழைக்கின்றன. சீனர் அதை அப்படி அழைத்ததில்லை. அவர்களுடைய சொல் 'ச்சியென்'. சீன நாணயத்துக்கு ஆங்கிலத்தில் தமிழ்ப் பெயர் வாய்த்த கதை இது.

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கணக்கு 80 காசு ஒரு 'பணம்' (அதுவும் ஒரு நாணயத்தின் பெயர்), 42 பணம் ஒரு நட்சத்திரப் பகோடா என்ற பொன் நாணயம் என்று நடந்தது. அதாவது ஒரு பகோடாவுக்கு 3,360 காசு. 1818இல் ரூபாய் தலையெடுக்கும்வரை இந்தக் கணக்குதான். இதற்காக 1803இல் இங்கிலாந்தில் அடித்து அனுப்பிய செப்பு நாணயத்தில் ஒருபக்கம் கம்பெனியின் சின்னம், மறுபக்கம் பாரசீக வாசகம், கீழே ரோம எண்ணில் இருபது 'கேஷ்'. பாரசீக வரியைப் படித்தால் 'பீஸ்த் காஸ் சஹார் ஃபுலூஸ் அஸ்த்' என்று வரும்: இருபது காஸ், நான்கு ஃபுலூஸ் (செப்புக் காசு). ஒரே பக்கத்தில் ஆங்கில எழுத்தில் கேஷாகவும் பாரசீக எழுத்தில் காஸாகவும் நிற்கிறது நம் காசு. 1808ஆம் ஆண்டுப் பத்துக்காசு, இருபதுகாசு நாணயங்களை ஏற்றி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் தட்டி முழுகியது. 1980களில் அந்த நாணயங்களை மேலே எடுத்தார்கள். இன்று உலகெங்கும் நாணயச் சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் தங்கள் நாணயத்தில் 'காஸ்' என்றே பொறித்தார்கள். திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்ற கணக்கு 1949 வரை இருந்தது.

இந்த இரண்டு கேஷையும் ஆங்கில வாக்கியத்திலேயே பிரித்துவிடலாம். ரொக்கத்தைக் குறிப்பதை எண்ண முடியாது. அதற்கு முன்னால் 'ட்வென்டி' போட்டால் ஆங்கிலமே ஆகாது. நாணயத்தைக் குறிப்பதை எண்ணலாம்; 'ட்வென்டி கேஷ்' சரியான தொடர், பன்மைக்கு ஸகரமும் வேண்டாம்.

குழப்பம் எங்கே தொடங்குகிறது என்பதும் எனக்குத் தெரிந்தவரை எளிது. பெரிய ஆங்கில அகராதிகள் எழுத்து ஒன்றாகவும் பிறப்பு வேறாகவும் உள்ள சொற்களைத் தனித்தனிப் பதிவாக்கி, தலைச்சொல்லின் ஓரத்தில் 1, 2 என்று எண் இடும். இரண்டாவது கேஷின் பதிவில் 'தமிழ் காசு' என்று தெளிவாக இருக்கும். அந்தப் பகுதியை மட்டும் படம் பிடித்துப் பரப்பினால், பார்ப்பவர் அது ரொக்கத்தின் பிறப்பு என்றே எண்ணுவார். ஓரத்து எண்ணை யாரும் பார்ப்பதில்லை. 'ஒப்பிடுக' என்ற குறியை 'இதிலிருந்து வந்தது' என்று படிப்பது அடுத்த தவறு. ஒப்பிடுக என்றால் உடன்பிறப்பாகவோ வெறும் ஒற்றுமையாகவோ இருக்கலாம், தாய் என்று பொருளல்ல. நட்சத்திரக் குறியிட்ட வடிவம் எங்கும் எழுதிக் கிடைத்ததல்ல, அறிஞர்கள் மீட்டுருவாக்கியது. அதைக் கல்வெட்டுச் சான்றுபோலக் காட்டக் கூடாது. 1886இல் யூலும், தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னெலும் தொகுத்த ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதிகூட, தமிழ் வடிவத்திலிருந்தோ கொங்கணி வடிவம் ஏதேனும் ஒன்றிலிருந்தோ போர்ச்சுகீசியர் எடுத்திருக்கலாம் என்று நிதானமாகத்தான் எழுதுகிறது. அந்த நிதானத்தை வெட்டிவிட்டு மேற்கோள் காட்டுவது முறையல்ல.

கட்டுரையின் மற்ற சொற்களில் இரண்டை மட்டும் தொடுகிறேன். 'எயிட்' நம் எட்டு என்கிறார். ஆங்கில எழுத்தில் ஊமையாக நிற்கும் 'ஜி, எச்' இரண்டும் ஒருகாலத்தில் ஒலித்தவை. லத்தீன் 'ஒக்தோ', கிரேக்கம் 'ஒக்தோ', வடமொழி 'அஷ்ட', ஜெர்மன் 'ஆஹ்ட்' என்று பார்த்தால் நடுவில் ஒரு ககர இனம் இருந்தது தெரியும். நம் எட்டு பின்னோக்கிப் போனால் எண்: எண்பது, எண்ணூறு, கன்னடத்தில் எண்டு, தெலுங்கில் எனிமிதி. காலத்தில் பின்னே போகப் போக இரண்டும் விலகுகின்றன. உறவு இருந்தால் நெருங்க வேண்டும். 'ஒன்' என்பதும் அப்படியே. அதன் முன்னால் இன்று ஒலிக்கும் வகரம் இங்கிலாந்தின் மேற்குப் பகுதிப் பேச்சிலிருந்து பின்னாளில் வந்து ஒட்டியது. பழைய ஒலி 'ஓன்லி', 'அலோன்' என்ற சொற்களில் அப்படியே இருக்கிறது. இரண்டுமே 'ஒன்' என்பதிலிருந்து வந்தவைதான். அதன் லத்தீன் சொந்தம் 'ஊனுஸ்'. நம் ஒன்றுக்கு உறவு ஒரு, ஓர், ஒருவன்.

இத்தனை ஒற்றுமையும் தற்செயலா என்று கேட்டால், ஆமாம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் வழங்கிய ம்பாபரம் என்ற பழங்குடி மொழியில் நாய்க்கு 'டாக்' என்றுதான் பெயர். ஆங்கிலத்திலிருந்து போனதல்ல, பக்கத்து மொழிகளில் 'குடகா' என்று வழங்கும் சொல், அந்த மொழியின் ஒலி மாற்றங்களில் முன்னெழுத்துகள் தேய்ந்து அப்படி நின்றது. மொழிகளில் ஒலிகள் சில டஜன், சொற்கள் பல்லாயிரம். இப்படிச் சில ஜோடிகள் விழாமல் இருந்தால்தான் வியப்பு.

தங்களிடம் ஒரு கோரிக்கை. இனி இத்தகைய கட்டுரை வந்தால், ஒவ்வொரு சொல்லுக்கும் அது ஆங்கிலத்தில் முதலில் எந்த ஆண்டு, என்ன பொருளில் பதிவானது, இடையில் எந்த மொழி வழியாகப் போனது என்ற இரண்டு தகவலையாவது கட்டுரையாளரிடம் கேட்டு வாங்கி வெளியிடுங்கள். கட்டுமரத்துக்கும் கறிக்கும் பறையருக்கும் அணைக்கட்டுக்கும் இந்தத் தகவல்கள் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும். ரொக்கக் கேஷுக்குப் பதில், நாணயக் கேஷ் பற்றி ஒரு சிறு திருத்தம் வரும் ஞாயிறு இணைப்பில் வந்தால் நன்று.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்